சாலை மறியல் செய்தால்தான் வருவார்களா? விழுப்புரம், திண்டிவனத்தில் மக்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது?

2024 டிசம்பர் 3. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில் மக்கள் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் மறியலில் இறங்கினார்கள். வெள்ளம் வந்துவிட்டது, நிவாரணம் வரவில்லை, யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் கோபம்.

அங்கே அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி அதிகாரிகளுடன் வந்தார். கூட்டத்திலிருந்து அவர் மீது சேறு வீசப்பட்டது. அந்த வீடியோ அன்றைக்கே தமிழ்நாடு முழுக்க ஃபோன் ஃபோனாகச் சுற்றியது. இதன் பின்னால் அரசியல் இருக்கிறது என்றார் அமைச்சர். இது மக்களின் கோபம் என்றன எதிர்க்கட்சிகள்.

பொன்முடி இந்த மாவட்டத்துக்குப் புதியவர் இல்லை. 1989-லேயே விழுப்புரம் தொகுதியில் ஜெயித்தவர். பிறகு திருக்கோவிலூருக்கு மாறி 2016, 2021 தேர்தல்களில் வென்றவர். அதாவது, 35 வருடமாக இந்தப் பகுதி மக்களுக்கு முகம் தெரிந்த ஒருவர்.

சேறு வீசியது சரியா, தப்பா என்பது தனி விவாதம். இங்கே கேள்வி வேறு. ஓட்டுப் போட்டவர்களும் ஓட்டு வாங்கியவரும் சந்தித்துக்கொள்ள நெடுஞ்சாலையை மறிப்பதைத் தவிர வேறு இடமே இல்லையா?

அந்த மூன்று நாளில் என்ன ஆனது?

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஒரு பருவமழைக் காலத்தின் பெரும்பகுதி மழை 24 மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அடுத்து, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. கரையோர கிராமங்கள் மூழ்கின. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் ஏறியதால் ரயில்கள் நின்றன. அரசூர் அருகே நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது.

டிசம்பர் 3 அன்றே விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கார்டு அடிப்படையில் ரூ.2,000 என்று முதல்வர் அறிவித்தார். மாநிலம் ரூ.2,000 கோடி இடைக்கால நிதி கேட்டது. பேரிடர் நிதியில் மத்திய அரசின் பங்காக ரூ.944.80 கோடியை விடுவிக்க டிசம்பர் 6-ல் ஒப்புதல் கிடைத்தது.

இப்போது ஒரு சின்ன டெஸ்ட். அணையைத் திறப்பது யார்? நீர்வளத் துறை. வீட்டுச் சேதத்தைக் கணக்கெடுப்பது யார்? வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார். அவர்களுக்கு உத்தரவு போடுவது கலெக்டர். ரூ.2,000 அறிவிப்பது மாநில அரசு. ரூ.944.80 கோடி தருவது மத்திய அரசு.

இந்த வரிசையில் எம்.எல்.ஏ. எங்கே? எம்.பி. எங்கே? கவுன்சிலர் எங்கே? உத்தரவு போடும் இடத்தில் இவர்களில் ஒருவரும் இல்லை. ஆனால், கோபம் வந்தால் மக்கள் தேடுவது இவர்களைத்தான். தேடுவதும் நியாயம்தான். ஏனென்றால், தாசில்தாரை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை.

ஒரு ஆளுக்கு எத்தனை பிரதிநிதிகள்?

நீங்கள் திண்டிவனம் டவுனில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு மூன்று பேர். நகராட்சி கவுன்சிலர், திண்டிவனம் எம்.எல்.ஏ., விழுப்புரம் எம்.பி. நகராட்சித் தலைவரை நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கிராமத்தில் இருந்தால் கணக்கு கூடும். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் என்று உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் நான்கு ஓட்டு. கூடவே எம்.எல்.ஏ., எம்.பி. மொத்தம் ஆறு பேர்.

ஆறு பேர் இருந்தும் ‘யாரும் வரலை’ என்ற வார்த்தை ஏன் வருகிறது? ஒரு காரணம், எல்லை. மாவட்ட எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்று கிடையாது. 50 செ.மீ. மழை பெய்த மயிலம், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால், மக்களவைக்கு அது ஆரணி தொகுதி. செஞ்சியும் அப்படித்தான். அதே நேரம் உளுந்தூர்பேட்டை இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம், ஆனால், அந்த ஊருக்கு எம்.பி. விழுப்புரம் எம்.பி.தான். திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது விழுப்புரம் மக்களவைத் தொகுதி.

‘திண்டிவனம் எம்.பி.’ என்று ஒரு பதவி முன்பு இருந்தது. தொகுதி மறுவரையறையில் அந்தத் தொகுதி காணாமல் போய், 2009 தேர்தலில் விழுப்புரம் தனித் தொகுதி வந்தது. 2009-ல் ஆனந்தன், 2014-ல் ராஜேந்திரன், 2019-லும் 2024-லும் ரவிக்குமார் என்று வென்றவர்கள் மாறினார்கள். திண்டிவனத்தில் இருக்கும் ஒருவருக்கு எம்.பி. என்பவர் இப்போது அடுத்த ஊர் பெயரைத் தாங்கியவர்.

எம்.எல்.ஏ., எம்.பி.யால் என்னதான் செய்ய முடியும்?

கையில் இருக்கும் பணத்தை வைத்துப் பார்ப்போம்.

எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு ரூ.5 கோடி. விழுப்புரம் தொகுதியில் சுமார் 15 லட்சம் வாக்காளர்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு வாக்காளருக்கு வருடத்துக்குச் சுமார் 33 ரூபாய். எம்.எல்.ஏ.வுக்கு வருடத்துக்கு ரூ.3 கோடி. 2024 இடைத்தேர்தலின்போது விக்கிரவாண்டியில் சுமார் 2.37 லட்சம் வாக்காளர்கள். தலைக்குச் சுமார் 127 ரூபாய்.

இதுகூட அவர்கள் கைக்கு வரும் பணம் இல்லை. எந்த வேலை வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைப்பார்கள். அனுமதி கொடுத்து, டெண்டர் விட்டு, வேலையை முடிப்பது மாவட்ட நிர்வாகம். எம்.பி. நிதியில் குறைந்தது 15 சதவீதம் பட்டியல் சாதி மக்கள் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ‘எம்.பி. நிதியில் கட்டப்பட்டது’ என்று போர்டு பார்க்கிறோமே, பஸ் ஸ்டாப் நிழற்குடை, சமுதாயக் கூடம், வகுப்பறை எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. கொரோனா வந்தபோது 2020 ஏப்ரலில் எம்.பி. நிதியே நிறுத்தப்பட்டு, 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தது.

ஆக, பணம் அவர்களின் பெரிய பலம் இல்லை. பெரிய பலம் கேள்வி கேட்பது. எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வி நேரத்தில் கேட்கலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம், மானியக் கோரிக்கை விவாதத்தில் துறை அமைச்சரை நேருக்கு நேர் கேட்கலாம். எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வமாகக் கேள்வி கேட்கலாம், பூஜ்ஜிய நேரத்தில் பேசலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மாவட்டத்தில் மத்திய அரசுத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்கும் ‘திஷா’ குழுவுக்குத் தலைவராக இருப்பவர் எம்.பி.தான். நூறு நாள் வேலை, வீடு கட்டும் திட்டம், குடிநீர் இணைப்பு போன்றவையெல்லாம் அங்கே மேசைக்கு வரும்.

ஆனால், தெருவில் எம்.பி.யைப் பார்த்தால் ‘திஷா கூட்டத்தில் எங்க ஊர் விஷயத்தைக் கேட்டீங்களா?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘என் பையனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கண்ணே’ என்றுதான் கேட்கிறோம்.

அப்படின்னா உறவே இல்லையா?

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் வருகிறார்கள். வர முடியாவிட்டால் மொய் வருகிறது. துக்க வீட்டுக்கு மாலையோடு வருகிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள், காதுகுத்துக்கு வருகிறார்கள். பேனரில் ஒரு பக்கம் மணமக்கள், இன்னொரு பக்கம் எம்.எல்.ஏ. தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியிலும் பார்க்கும் காட்சிதான் இது.

இதைக் கேலியாகப் பார்க்க வேண்டியதில்லை. ‘நம்ம வீட்டு வாசலுக்கு வந்தார்’ என்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. காலங்காலமாக மதிக்கப்படாத வீடுகளுக்கு அந்த மதிப்பு இன்னும் அதிகம். பிரச்சினை என்னவென்றால், உறவு அங்கேயே நின்றுவிடுகிறது. நல்லது கெட்டதுக்கு வருகிற உறவு இருக்கிறது. கணக்குக் கேட்கிற உறவு இல்லை. கணக்குக் கேட்கும் இடம் இல்லாதபோது, மிச்சம் இருப்பது மறியல்தான்.

மறியல் வேலை செய்யவும் செய்கிறது என்பதுதான் சிக்கல். காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வருவார், தாசில்தார் வருவார், பி.டி.ஓ. வருவார். மனு கொடுத்தால் மாதக் கணக்கு, மறியல் செய்தால் மணிக்கணக்கு. மக்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்ட பாடம் இது.

கவுன்சிலரே இல்லாத ஐந்து வருடம்

இந்தப் பாடம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் மறந்தே போயிருப்பார்கள்.

2016 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நீதிமன்ற வழக்கு, வார்டு மறுவரையறை என்று தேர்தல் தள்ளிப்போனது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும் விழுப்புரத்தில் நடக்கவில்லை. காரணம், அதற்கு முந்தைய மாதம்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தது. கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் விழுப்புரம் மாவட்ட கிராமங்கள் ஓட்டுப் போட்டன. விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல்.

அதாவது, கிராமங்களில் ஐந்து வருடம், நகரங்களில் ஐந்து வருடத்துக்கும் மேல், மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. கொரோனா முதல் அலையும் இரண்டாம் அலையும் இந்த இடைவெளியில்தான் வந்து போயின. தெரு விளக்கு எரியவில்லை என்றாலும், கிருமிநாசினி தெளிக்க வேண்டும் என்றாலும் கேட்க வேண்டியது தனி அலுவலரை. அவர் அரசு ஊழியர். அடுத்த தேர்தலைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

விழுப்புரம் நகராட்சியில் 42 வார்டு, திண்டிவனத்தில் 33 வார்டு. 2011 கணக்கெடுப்பின்படி விழுப்புரம் மக்கள்தொகை 96,253, திண்டிவனம் 72,796. சராசரியாக ஒரு கவுன்சிலருக்கு 2,200 முதல் 2,300 பேர். 15 லட்சம் வாக்காளர்களுக்கு ஒரு எம்.பி. இருக்கும் நாட்டில், மக்களுக்கு மிக நெருக்கமாக இருக்கும் பிரதிநிதி கவுன்சிலர்தான். ஐந்து வருடம் காணாமல் போனது அந்த நெருக்கம்தான். கவுன்சிலர் பார்க்க வேண்டிய சாக்கடைப் பிரச்சினையும் எம்.எல்.ஏ. வாசலுக்குப் போய் நின்றது.

நம்ம ஊரில் கட்சியே தொடங்கிய கதை

இந்தப் பகுதி மக்கள் பிரதிநிதித்துவத்தைப் பற்றி யோசிக்காதவர்கள் இல்லை. சொல்லப்போனால், தமிழ்நாட்டில் இதை மிகச் சீக்கிரம் யோசித்தவர்கள் இவர்கள்.

விழுப்புரம் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1952 முதல் பொதுத் தேர்தலில் இந்தப் பகுதியில் செல்வாக்கு பெற்றிருந்தது எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. ‘காங்கிரஸ் பட்டியலில் நம்ம ஆட்களுக்கு இடம் இல்லை என்றால், நாமே நிற்போம்’ என்பதுதான் அதன் அடிப்படை. சென்னை மாகாண சட்டமன்றத்தில் 19 இடங்களை அது பிடித்தது. வட ஆற்காடு பக்கம் மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி 6 இடங்களில் வென்றது.

375 பேர் கொண்ட அவையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை. ராஜாஜி அரசை மாணிக்கவேலு ஆதரித்து அமைச்சரானார். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் படையாட்சியாரும் அமைச்சரானார். உழைப்பாளர் கட்சி காங்கிரசில் கரைந்தது.

மக்களுக்கு இது லாபமா, நஷ்டமா? இரண்டும்தான். அமைச்சரவையில் முதல்முறையாகத் தங்கள் ஆள் உட்கார்ந்தார். ஆனால், தங்கள் கட்சி இல்லாமல் போனது. படையாட்சியார் பிறகு 1980, 1984 தேர்தல்களில் திண்டிவனம் எம்.பி.யாக காங்கிரஸ் சார்பில் வென்றார். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் உருவானபோது அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 1997-ல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் நீக்கப்பட்டபோது அதுவும் போனது.

அமைச்சர், எம்.பி. என்று எல்லாம் கிடைத்தும் அடிப்படைக் குறை தீர்ந்ததா? 1987 செப்டம்பர் 17 அன்று வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வார சாலை மறியலைத் தொடங்கியது. 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-ல்தான் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் கட்டப்பட்ட மணிமண்டபம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது.

35 வருடம் பிரதிநிதிகளை அனுப்பிய பிறகும் கோரிக்கையைக் கேட்க வைக்க ரோட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது. இருவேல்பட்டு மறியலை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் அது திடீர்க் கோபமாகத் தெரியாது.

எம்.எல்.ஏ. யாருக்குக் கட்டுப்பட்டவர்? தொகுதிக்கா, கட்சிக்கா?

இது உலகம் முழுக்க இருக்கும் பழைய சண்டை. 1774-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் எம்.பி. ஆன எட்மண்ட் பர்க், தொகுதி மக்கள் சொல்வதை அப்படியே செய்யும் ஏஜென்ட் நான் இல்லை, என் சொந்த அறிவைப் பயன்படுத்துவதுதான் நான் உங்களுக்குச் செய்யும் வேலை என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். 1780 தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று தெரிந்ததும் பிரிஸ்டல் போட்டியிலிருந்து விலகினார்.

இந்தியாவில் இந்தச் சண்டைக்கு 1985-ல் வேறு திருப்பம் வந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடா சொன்னதற்கு எதிராக அவையில் ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம் இது, அதற்கான தேவையும் இருந்தது. ஆனால், பக்கவிளைவு என்னவென்றால், சொந்த அறிவும் இல்லை, தொகுதியின் குரலும் இல்லை, கட்சி முடிவுதான் கடைசி முடிவு.

ஓட்டுப் போடும்போதுதான் இந்தக் கட்டுப்பாடு. கேள்வி கேட்க எந்தக் கொறடாவும் தடை இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஓட்டுக்கு எவ்வளவு வலிமை? இரண்டு உதாரணம்

2016 சட்டமன்றத் தேர்தலில் திண்டிவனம் தொகுதியில் தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் இருந்த வித்தியாசம் 101 ஓட்டு. ஒரு தெருவில் இருக்கும் ஓட்டு. ‘நான் ஒருத்தன் போடாட்டி என்ன ஆகப் போகுது’ என்பவர்களுக்குத் திண்டிவனத்தை விட நல்ல பதில் கிடையாது.

இன்னொரு உதாரணம் விக்கிரவாண்டி. 2016-ல் ஜெயித்த ராதாமணி 2019-ல் காலமானார். 2019 அக்டோபர் இடைத்தேர்தலில் முத்தமிழ்ச்செல்வன் வந்தார். 2021-ல் புகழேந்தி. அவரும் 2024 ஏப்ரலில் காலமானார். 2024 ஜூலை 10 இடைத்தேர்தலில் அன்னியூர் சிவா வந்தார். எட்டு வருடத்தில் நான்கு எம்.எல்.ஏ. அந்த ஜூலை இடைத்தேர்தலில் 82 சதவீதத்துக்கும் மேல் ஓட்டுப் பதிவானது. இடைத்தேர்தல் என்றால் அமைச்சர்கள் தெருத்தெருவாக வருவார்கள், ரோடு போடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஒரு தொகுதி காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது சட்டம். மீதிப் பதவிக்காலம் ஒரு வருடத்துக்கும் குறைவு என்றால் தேவையில்லை. விழுப்புரம் எம்.பி. ராஜேந்திரன் 2019 பிப்ரவரியில் திண்டிவனம் அருகே கார் விபத்தில் இறந்தபோது இடைத்தேர்தல் நடக்கவில்லை. சில வாரங்களில் பொதுத் தேர்தல் வரவிருந்தது.

பிடிக்கலைன்னா திரும்ப அழைக்க முடியுமா?

எம்.எல்.ஏ., எம்.பி.க்களைப் பொறுத்தவரை இந்தியாவில் முடியாது. 1970-களில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இந்த உரிமையைக் கேட்டார். சட்டம் வரவில்லை. 2013-ல் ‘நோட்டா’ வந்தது. அதனால் யார் பதவியும் போகாது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் மாநிலங்களில் நகராட்சித் தலைவர்களைத் திரும்ப அழைக்கச் சட்டம் இருக்கிறது, பயன்படுத்தியும் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் 2015-ல் சட்டம் வந்தது. ஆனால், நினைத்த நேரத்தில் எல்லாம் கூப்பிட முடியாது. எம்.பி. சிறைத் தண்டனை பெறுவது, அவையிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் இடைநீக்கம் செய்யப்படுவது போன்ற சில காரணங்களுக்காகத்தான் மனு திறக்கப்படும். தொகுதியில் 10 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால் பதவி காலி. 2019-ல் பீட்டர்பரோ தொகுதியில் முதல்முறையாக இப்படி ஒரு எம்.பி. பதவி இழந்தார்.

அங்கே இதைவிட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. எம்.பி.க்கள் வாரக் கடைசியில் தொகுதிக்கு வந்து, நேரம் அறிவித்து, நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். டாக்டர் கிளினிக் மாதிரி. இதற்கு எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. மக்கள் எதிர்பார்க்கிறார்கள், அதனால் நடக்கிறது. தமிழ்நாட்டிலும் எம்.எல்.ஏ. அலுவலகக் கட்டடங்கள் தொகுதிதோறும் இருக்கின்றன. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு எம்.எல்.ஏ. அங்கே இருப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா?

சரி, ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் என்ன செய்யலாம்?

*முதலில், சரியான ஆளைப் பிடியுங்கள்.* தெரு விளக்கு, குப்பை, சாக்கடை, குடிநீர் என்றால் கவுன்சிலர் அல்லது ஊராட்சித் தலைவர். பட்டா, வெள்ள நிவாரணம் என்றால் வி.ஏ.ஓ., தாசில்தார். அரசு மருத்துவமனை, மாநிலச் சாலை, அணை, ஏரி என்றால் துறை அதிகாரிக்கு மனு, நகல் எம்.எல்.ஏ.வுக்கு. ரயில், தேசிய நெடுஞ்சாலை என்றால் எம்.பி. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட் காலத்தில் ஒப்புதல் பெற்றது. எத்தனையோ எம்.பி.க்கள் மாறிவிட்டார்கள், ரயில் வரவில்லை. இது கவுன்சிலரிடம் கேட்கும் கேள்வி இல்லை.

*வாய்ச் சொல்லை நம்பாதீர்கள்.* கல்யாண வீட்டில் ‘பார்த்துக்கலாம்’ என்று சொன்னதற்கு எந்த ரெக்கார்டும் கிடையாது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு நாளில் கொடுத்தாலும், 1100 எண்ணில் சொன்னாலும், முகாமில் கொடுத்தாலும் மனு எண் வாங்குங்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் கலெக்டர் அலுவலகம் சுமார் 40 கி.மீ. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வருபவருக்குக் குறைந்தபட்சம் ஒரு எண்ணாவது கையில் இருக்க வேண்டும்.

*கிராம சபையை விடாதீர்கள்.* ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு முறை. இங்கே வரவு செலவு படிக்கப்பட வேண்டும், யாரும் எழுந்து கேட்கலாம். நகரங்களுக்கு வார்டு கமிட்டி, பகுதி சபா விதிகள் 2022-ல் வந்தன. உங்கள் வார்டில் பகுதி சபா எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். அந்தக் கேள்வியே பாதி வேலை.

*ஃபோனிலேயே செக் பண்ணலாம்.* எம்.பி. என்ன கேள்வி கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. எம்.பி. நிதி வேலைகள் 2023 ஏப்ரல் முதல் ‘இ-சாக்‌ஷி’ தளத்தில் பதிவாகின்றன. கிடைக்காததை ஆர்.டி.ஐ. போட்டுக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

*அந்தப் பத்து என்ன என்று கேளுங்கள்.* 2022 ஆகஸ்ட்டில் முதல்வர் ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட நாள் தீராத 10 முக்கியக் கோரிக்கைகளை 15 நாளில் கலெக்டரிடம் கொடுங்கள் என்றார். ஆளும்கட்சி, எதிர்க்கட்சி எல்லாருக்கும் இது பொருந்தும். திண்டிவனம், விழுப்புரம், விக்கிரவாண்டி தொகுதிகளின் 10 கோரிக்கைகள் என்னென்ன? எத்தனை முடிந்தது? அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் முன் ஊரில் யாரிடமாவது கேட்டார்களா? யார் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் கேட்கக்கூடிய கேள்வி இது.

முகாம் வந்தால் போதாதா?

2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று முகாம்கள் வந்தன. பல துறை அதிகாரிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து மனு வாங்கினார்கள். ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் 45 நாளில் தீர்வு என்றார்கள். 40 கி.மீ. அலைச்சல் குறைவது நல்ல விஷயம்தான்.

ஆனால், இதில் நேரடி உறவு முதல்வருக்கும் மனுதாரருக்கும் நடுவில் உருவாகிறது. நடுவில் இருக்கும் கவுன்சிலர், எம்.எல்.ஏ. மேடையில் உட்காருபவர்களாக மாறிவிடுகிறார்கள். மனுவுக்குத் தீர்வு கிடைக்கலாம். ஆனால், ‘எங்க ஊருக்கு எச்சரிக்கை ஏன் சரியாக வந்து சேரலை, அடுத்த மழைக்கு என்ன ஏற்பாடு?’ என்ற கேள்வியை எந்த முகாமிலும் மனுவாகக் கொடுக்க முடியாது. அதை அவையில் எழுந்து கேட்கத்தான் ஒருவரை அனுப்புகிறோம்.

இருவேல்பட்டில் அன்று மறியலுக்கு வந்தவர்கள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. யாராவது வந்து பார்க்க வேண்டும் என்பதுதான். சேறு விழுந்த சட்டையைப் பற்றிப் பல நாள் பேசினோம். வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் வரும். அதற்கு முன்னால், ஆகஸ்ட் 15 அன்றே ஒரு கிராம சபை இருக்கிறது. தென்பெண்ணையில் தண்ணீர் திறந்தால் எங்கள் ஊருக்கு யார், எப்படிச் சொல்வார்கள் என்று அங்கே ஒருவர் எழுந்து கேட்டு, அது தீர்மானமாக எழுதப்பட்டு, நகல் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனால், அடுத்த வெள்ளத்தில் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல யாராலும் முடியாது.